படகுக்கு முன்னால் ஓடிய இரண்டு சைக்கிள்கள்

மச்சாள் என்னிடம் அதைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லோரும் பங்கு மண்டபத்தில் ரோல்சும் தேநீருமாக நின்றபோது. மச்சாள் என் கணவரின் அக்கா. இருபது வருடம் பிரான்சில் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். குரோய்டனில் உடுப்புத் திருத்தித் தைக்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். அவர் வந்து எட்டு வருடமாகியும் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையில் சாப்பாட்டுப் பெட்டிகள் போய்வந்த அளவுக்குப் பேச்சு போய்வரவில்லை. கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்வார், அவ்வளவுதான். பெருமைக்காரி என்று நான் எப்போதோ முடிவு கட்டியிருந்தேன்.

அன்று கோப்பையோடு நேரே என்னிடம் வந்தார்.

“நீர் வேலைக்குச் சைக்கிளிலைதானே போறனீர்?”

ஓம் என்றேன். விம்பிள்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை. கொரோனா நாட்களில் பஸ்ஸில் ஏறப் பயந்து, மகள் விட்டுப்போன சைக்கிளை எடுத்தேன். பயம் போன பிறகும் சைக்கிளை விடவில்லை.

“அப்ப ஓகஸ்டிலை என்னோடை பிரான்சுக்கு வாரும். கால்வாய்க் கரையாலை சைக்கிளிலை போவம். கார் இல்லாமல்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து வரைபடத்தைக் காட்டினார். பிரான்சின் பேர்கண்டிப் பகுதிக்குக் குறுக்கே ஒரு நீலக்கோடு வளைந்து வளைந்து போய் ஒரு பெரிய ஆற்றில் முடிந்தது. முன்பு குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துப் போகுமாம். அந்தக் குதிரைப் பாதையில் இப்போது சைக்கிள்கள் போகின்றன என்றார். அன்று பின்னேரமே நான் பள்ளிக்கூட விடுமுறை நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

என் கணவருக்கு இது பிடிபடவில்லை. அவர் மூலைக்கடைக்குக்கூட காரில் போகிறவர். தான் காரில் சாமான்களோடு பின்னால் வருவதாகச் சொன்னார். அக்காக்காரி மறுத்துவிட்டார். கார் வந்தால் நான் வரமாட்டேன் என்று ஒரே வசனத்தில் முடித்தார். ஜூன், ஜூலை ஞாயிறுகளில் நாங்கள் லண்டனின் ரீஜண்ட் கால்வாய்க் கரையில் சைக்கிள் ஓடிப் பழகினோம். தாழ்ந்த பாலங்களுக்குக் கீழே தலையைக் குனிந்து, மணியை அடித்து அடித்து, நடக்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. அப்போதும் மச்சாள் அதிகம் கதைக்கவில்லை. பத்து நாட்கள் இவரோடு என்ன கதைப்பது என்ற கவலை எனக்கு இருந்தது.

நியூஹேவன் துறைமுகத்தில் கப்பல் வாயைத் திறந்தபோது அந்தக் கவலை எங்கோ போய்விட்டது. லொறிகளுக்கும் மோட்டார்சைக்கிள்களுக்கும் நடுவில் இரண்டு தமிழ்ப் பெண்கள், பின்சக்கரத்தின் இருபக்கமும் பை தொங்க, அந்த இரும்புச் சரிவில் பெடல் மிதித்து உள்ளே ஏறினோம். கப்பல் ஊழியர் ஒருவர் கயிற்றால் எங்கள் சைக்கிள்களைச் சுவரோடு கட்டினார். எனக்கு ஐம்பத்தொரு வயது. நெஞ்சு பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் பிள்ளையின் நெஞ்சு போல அடித்தது.

அக்கரையில் ரயில் எடுத்து, அடுத்த நாள் காலை பாரிசில் ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, இன்னொரு நிலையத்துக்கு நகரத்தைக் குறுக்கறுத்துப் போக வேண்டியிருந்தது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்போம் என்றேன். மச்சாள் அதற்குள் ஏறி ஓடத் தொடங்கிவிட்டார். ஆற்றங்கரைச் சாலையில் ஒரு கார் இல்லை. பாலம், பாலம், பாலம். வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் தெறித்தது. முன்னால் போன மச்சாள் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தைந்து வயது மனுசி! நான் பயத்தில் கத்தினேன், ஆனால் அது பயம் மட்டும் இல்லை.

பின்னேரம் ரயில் எங்களை ஒரு சின்ன நிலையத்தில் இறக்கியது. இரண்டு தெரு தாண்டியதும் கால்வாய். ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், மறுபக்கம் கோதுமை வெட்டிய வயல், நடுவில் நீளத்துக்கு ஒரு பாதை. கார்ச் சத்தமே இல்லை. சரளைக்கல் சக்கரத்தின் கீழ் நொறுங்கும் சத்தம் மட்டும். எங்களைக் கண்ட ஒரு கொக்கு எழுந்து பறந்து, சற்றுத் தள்ளி இறங்கி, நாங்கள் நெருங்கியதும் மறுபடி எழுந்தது. ஒரு மைல் தூரம் அப்படியே எங்களுக்கு வழி காட்டியது.

சில மைல்களுக்கு ஒரு நீர்ப்பூட்டு வரும். படகு ஒரு கல் தொட்டிக்குள் நுழையும். பின்கதவை மூடித் தண்ணீரை விட்டால் தொட்டி நிறைந்து படகு மேலே எழும்பும். பிறகு முன்கதவைத் திறந்தால் மேட்டுக் கால்வாயில் தன் பாட்டில் போகும். முதல் நாளே ஒரு நீர்ப்பூட்டில் நின்று இதைப் பார்த்தோம். அங்கே நின்ற காவலாளியிடம் மச்சாள் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். மச்சாள் திரும்ப ஒன்று சொல்ல, அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சாளும் சிரித்தார், வாய் திறந்து, சத்தமாக. அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு பார்த்தால் எங்கும் அதுதான். பாண் விற்கும் பேக்கரியில் வாதாடுவார். தோட்டத்தில் நிற்கும் கிழவரிடம் தக்காளி வாங்கிவிடுவார். முகாமிடும் இடத்தில் இடமில்லை என்றவளிடமே மரத்தின் கீழ் நல்ல இடம் எடுத்துவிடுவார். கைகள் காற்றில் பறக்கும். அவருடைய பிரெஞ்சில் இலக்கணம் சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும் இன்னும் கொஞ்சம் நின்று கதைக்க விரும்பியது மட்டும் தெரிந்தது. என் பங்குக்கு நான் இரண்டு தடவை அவருடைய சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டேன்.

ஐந்தாம் நாள் கால்வாய் மலை ஏறத் தொடங்கியது. நீர்ப்பூட்டுகள் படிக்கட்டுப் போல அடுத்தடுத்து வந்தன. முதலாவதில் ஒரு படகு காத்து நின்றது. அதில் ஒரு வயதான தம்பதி. கணவருக்கு இடுப்பு வருத்தம், சுக்கானை விட்டு எழும்ப ஏலாது. காவலாளி எங்கள் வயதுப் பெண், ஒரு மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். அவளோடு வேலை செய்கிறவர் அன்று வரவில்லை. ஒரு கதவைத் தள்ளிவிட்டு, பாலத்தைச் சுற்றி ஓடி மறு கதவைத் தள்ளி, மூச்சு வாங்கினாள். மச்சாள் சைக்கிளைப் புல்லில் போட்டார். இரண்டு வசனம் கதைத்தார். அந்தப் பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

தண்ணீர் விடும் மதகுகளை நான் மட்டும்தான் தொடுவேன், நீங்கள் கதவை மட்டும் தள்ளுங்கள் என்று அவள் சொன்னதை மச்சாள் எனக்குச் சொன்னார். கதவின் நீண்ட கைக்கு முதுகைக் கொடுத்து, குதிக்காலை நிலத்தில் ஊன்றித் தள்ளினேன். முதலில் அசையவே இல்லை. பிறகு மெல்ல, மிக மெல்ல, முழுக் கால்வாயுமே என் முதுகில் சாய்ந்து வழிவிடுவது போல நகர்ந்தது. என்னை அறியாமல் கத்திவிட்டேன். படகிலிருந்த அம்மா கைதட்டினார்.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். காவலாளி தன் சின்ன வான் வண்டியில் அடுத்த நீர்ப்பூட்டுக்குப் போவாள். மச்சாள் சைக்கிளில் அவளைத் துரத்திக்கொண்டு போவார். படகு வெளியேறியதும் பின்னால் கதவை மூடுவது என் வேலை. மூடிவிட்டு ஏறி மிதிப்பேன். படகை முந்தும்போது அந்தப் பெரியவர் படகின் ஊதுகுழலை ஊதுவார். நான் அடுத்த மேட்டில் ஏறும்போது மச்சாள் கதவைத் திறந்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, கெதியா வாரும் என்று கத்துவார். மழை தூறியது, நிற்கவில்லை. சேற்றில் ஒரு தடவை விழுந்தேன், நிற்கவில்லை. பன்னிரண்டு நீர்ப்பூட்டுகள். கடைசிக் கதவைத் தள்ளியபோதும் என் வாய் சிரிப்பை நிறுத்தவில்லை.

பின்னேரம் படகைக் கட்டிவிட்டு அந்தத் தம்பதி எங்களையும் காவலாளியையும் மேல்தட்டில் இருத்தி ஒம்லெட், பாண், சீஸ் என்று வைத்தார்கள். நாங்கள் கொண்டுவந்த மிளகாய்த்தூளை மச்சாள் ஒம்லெட்டில் தூவினார். காவலாளிக்குக் கண்ணீர் வந்தது, ஆனாலும் இன்னும் கேட்டாள். மச்சாள் ஏதோ கதை சொன்னார். மூன்று பேரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை, ஆனாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன்.

வெயில் சாயும் நேரம் கரையில் கூடாரத்தை விரிக்கும்போது கேட்டேன்.

“மச்சாள், லண்டனிலை ஏன் நீங்கள் இப்பிடிக் கதைக்கிறேல்லை?”

அவர் கையிலிருந்த கூடார முளையை அடித்து முடித்தார்.

“எனக்கு இங்கிலீஷ் மெதுவாத்தான் வரும். நான் வாயைத் திறக்க முன்னம் பிள்ளையள் என்ரை வசனத்தை முடிச்சுப்போடுவினம். பிறகு தமிழிலையும் அப்பிடியே பழகிப்போச்சு. ஆரும் கேக்கினம் எண்டு இல்லையே.”

“நான் கேட்டிருப்பன்.”

“நீர் எங்கை? சாப்பாட்டுப் பெட்டியைத் தந்திட்டு ஓடிப்போறனீர்.”

அது உண்மை. அடுத்த முளையை நான் அடித்தேன். இவரைப் பற்றி நான் வீட்டில் சொன்னவை ஒவ்வொன்றாக நினைவு வந்து முகம் சுட்டது.

அதற்குப் பிறகு பாதை இறக்கம். மலையைத் தாண்டி டிஜோன் நகரை அடைந்தோம். அங்கிருந்து கால்வாய் அளவுகோல் வைத்துக் கீறியது போல நேராக ஆற்றை நோக்கிப் போனது. பின்காற்று அடித்தது. பெடலே மிதிக்காமல் தள்ளப்படுவது போல இருந்தது. மச்சாளும் நானும் அக்கம்பக்கமாக, ஒருவர் முடிக்க முன்னம் மற்றவர் தொடங்கி, கதைத்தபடியே போனோம். அவருடைய முதல் கடை, என் மகளின் பிடிவாதம், அவருடைய தம்பியாகிய என் கணவர் சின்னவயதில் செய்த குழப்படிகள், எல்லாம். ஆற்றங்கரைக்கு வந்ததும் மச்சாள் சப்பாத்தோடேயே படியில் இறங்கி முழங்கால் வரை தண்ணீரில் நின்றார். நானும் இறங்கினேன். அங்கிருந்தே கணவருக்குப் போன் எடுத்து, ரயிலை இரண்டு நாள் தள்ளிப்போடுகிறோம் என்றேன். அக்கா பக்கத்தில் நிற்கிறாவா, சரியாகத்தான் இருக்கிறாவா என்று கேட்டார். பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறதே, அது யார் என்றும் கேட்டார்.

திரும்பி வரும் கப்பலில், எங்கள் மேசைக்கு இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் வந்து இருந்தார்கள். அவர்களும் சைக்கிள்காரர்கள். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். மச்சாள் அதற்குள் தொடங்கிவிட்டார், ஆங்கிலத்தில். படகு, காவலாளி, கட்டுப் போட்ட கை என்று மெதுவாக வந்தது. ஒரு சொல்லுக்காக நின்றார். அந்தச் சொல் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் தேநீரை எடுத்துக் குடித்தேன். அவர் வேறொரு சொல்லைக் கண்டுபிடித்து, கைகளால் மிச்சத்தைத் தள்ளிக் காட்டினார். அவர்கள் இருவரும் முன்னால் சாய்ந்தார்கள்.

அவருடைய கதையில் பன்னிரண்டு நீர்ப்பூட்டுகள் இருபதாகின. நான் விழுந்த சேறு ஒரு குளமாகியது. நான் எதையும் திருத்தவில்லை, அடுத்து என்ன நடந்தது என்று கேட்க நானும் ஆவலாக இருந்தேன்.