ரஃபி மிதிக்காத கிக் டிரம்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இந்தப் பேய், ஆவி, மாயம் இதுலல்லாம் நம்பிக்கை கிடையாது. சுடுகாட்டு வழியா டியூஷனுக்குப் போய் வளந்தவன் நான். அதனால இதைக் கேட்டுட்டு நீங்க சிரிச்சாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

2006, தை மாசம். எங்க பேண்டு பேரு 'கரிப்பு'. மரக்காணத்துல ஹெவி மெட்டல் பேண்டான்னு கேக்காதீங்க, ஊரே கேட்டு முடிச்சாச்சு. நான் கிட்டாரு, என் மச்சான் சேகர் பேஸ் கிட்டாரு, கத்தறதும் அவன்தான், அதைப் பாட்டுன்னு சொல்லுவான். டிரம்ஸ் கோட்டக்குப்பத்து ரஃபி. தரையில நிக்குமே பெரிய டிரம், கிக்குன்னு சொல்லுவாங்க, அதை ரெண்டு காலாலயும் பெடல் போட்டு மிதிப்பான் பாருங்க, கேக்கறவன் நெஞ்சே அதிரும்.

ஆல்பம் ரெக்கார்டு பண்ண ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்ல. சேகர் வேலை பாக்கற உப்பளத்துல குடோன் காலியா கிடந்துச்சு, பழைய உப்பு வித்துப்போச்சு, புது உப்பு எடுக்க இன்னும் நாளிருக்குது. உள்ள நின்னு கை தட்டினா அப்படி ஒரு எதிரொலி. அதுல மயங்கிப்போய் கம்ப்யூட்டரு, மைக்கு, டிரம்ஸு எல்லாத்தையும் ஒரு மாசம் அங்கயே போட்டு வெச்சோம். உப்பு குடோன்ல இரும்புச் சாமானைப் போட்டு வெச்ச அறிவாளிங்க உலகத்துலயே நாங்க மூணு பேருதான்.

கடைசிப் பாட்டு ஒண்ணு மட்டும் பாக்கி. காணும் பொங்கலன்னைக்கு வெச்சுக்கினோம், அன்னைக்குத்தான் அளத்துல ஆள் கிடையாது, லாரி கிடையாது, மோட்டார் ஓடாது. மறுநாள் ரஃபிக்கு துபாய் ஃபிளைட்டு, டிரைவர் வேலை. பகல் பதினோரு மணிக்கு உக்காந்து முதல் மிதி மிதிச்சான், ரெண்டு பெடல்லயும் ஸ்பிரிங்கு துருப்பிடிச்சு பட்டுனு தெறிச்சுப்போச்சு. பாண்டில கடையெல்லாம் லீவு.

"விடுறா, கையில வாசிக்கறதை மட்டும் வாசிச்சுட்டுப் போ. கிக்கை அப்புறம் யாரையாவது வெச்சு சேத்துக்கறேன்"னு சொன்னேன்.

அவன் மூஞ்சி விழுந்துடுச்சு. "ஏண்ணா, என் ஆல்பத்துல எவனோ ஒருத்தன் காலா?"ன்னான். எனக்கு மனசே ஆறலை, ஆனா வேற வழி? கிக் டிரம்மை உருட்டி வெளிய வெச்சோம். அதோட மைக்கை நிறுத்த நான் மறந்துட்டேன், அது பாட்டுக்கு வெறும் சிமெண்டுத் தரையைப் பாத்துக்கினு நின்னுச்சு. ரஃபி ரெண்டு காலையும் ஸ்டூல் கம்பி மேல தூக்கி வெச்சுக்கினு, கண்ணை மூடிக்கினு, ஒரே மூச்சுல வாசிச்சு முடிச்சான்.

ஹெட்போன்ல போட்டுக் கேட்டா, நம்புனா நம்புங்க, கிக்கு இருக்குது! திம்திம்திம்னு, அவன் கை போற இடத்துக்கெல்லாம் கூடவே போவுது. சேகர் ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டுட்டு வெளிய ஓடிப் பாத்தான். கண்ணுக்கெட்டின வரைக்கும் பாத்தி, வெயிலு, ஒரே ஒரு கொக்கு. பயந்தீங்களான்னா, சத்தியமா இல்ல. ரஃபி என்னைத் தூக்கிச் சுத்தினான். "அண்ணா, இது எவன் காலும் இல்ல, மனசுக்குள்ள நான் மிதிச்சேன் பாரு, அச்சு அசல் அதே மிதி!"ன்னு கத்தறான், அழுவறான், சிரிக்கறான். எங்களுக்கும் அதே கதிதான்.

அடுத்த வாரம் அளத்துல வேலை ஆரம்பிச்சுது, பாத்தி மிதிக்க பொம்பளைங்க வந்தாங்க. உப்பு வெளையறதுக்கு முன்னாடி சேத்தைக் காலாலயே மிதிச்சு மிதிச்சுக் கெட்டிப்படுத்துவாங்க. சாப்பாட்டு நேரத்துல அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். மேஸ்திரி அஞ்சலாக்கா சோத்துல கையை வெச்சுக்கினு கேட்டாங்க. "சேத்துல மிதிக்கிற சத்தமில்ல இது? எவன்டா அவன், இந்த மிதி மிதிக்கிறான்? அவனைக் கூட்டியா, ரெண்டாள் கூலி வாங்கித் தரேன்"னாங்க. ஒரே சிரிப்பு. சாயங்காலம் வரைக்கும் அந்தப் பாட்டைப் போட்டுத்தான் வேலையே ஓடுச்சு.

முந்நூறு சிடி போட்டோம். ஒரு காலேஜ் விழாவுல வாசலோரமா மேசை போட்டு ஸ்பீக்கர்ல ஓடவிட்டோம், பசங்க தலையை ஆட்டின ஆட்டத்துல மேசையே சாஞ்சுது. "அந்தக் கிக்கு வாசிச்சது யாருண்ணா?"ன்னு எல்லாரும் கேட்டாங்க. ரஃபின்னு பெருமையா சொன்னோம். எல்லா சிடியும் அன்னைக்கே காலி.

அந்த வெள்ளிக்கிழமை ரஃபி போன் பண்ணான். சந்தோஷத்துல பாட்டைப் போட்டு போனை ஸ்பீக்கர்கிட்ட வெச்சேன். கிக்கு ஆரம்பிச்சதும், "அண்ணா, நிறுத்துணா. முழங்காலுக்குக் கீழ எனக்குக் காலே இல்லாத மாதிரி இருக்குது"ன்னான். நிறுத்தினேன், வந்துடுச்சாம். மறுபடி போட்டேன், போயிடுச்சாம். அவனுக்கு ஒரே சிரிப்பு. "என் காலு அங்க வந்து வாசிச்சுட்டுப் போவுதுணா! அதான், வந்த புதுசுல ஒருநாள் சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான் கிடந்துச்சு, இந்த வாரம் லாரி ஓட்டறப்பவும் ரெண்டு வாட்டி ஆச்சு, எப்படியோ ஓரங்கட்டிட்டேன்"னான்.

இன்னைக்கும் அவன் அங்க டிரைவர்தான். அவனுக்கு போன் பண்ணி, வண்டியை நிறுத்திட்டியாடான்னு கேட்டுட்டுத்தான் நான் அந்தப் பாட்டைப் போடுவேன். ஆனா, சார், அந்த முந்நூறு சிடியும் யார் யார் வீட்ல இருக்குதுன்னு எனக்குத் தெரியாது.