ஓட்டை பார்க்கிறவள்

யமுனா கம்ப்யூட்டரில் ஓட்டை போட்டுத் துட்டு எடுக்கிறாளாம். எங்கள் ஊர் நகரி பஸ் ஸ்டாண்டில் யாரோ சொல்லி, என்னோடு வேலை செய்யும் கிரண்குமாரின் மனைவி கேட்டு, அவன் ஷார்ஜாவில் என் அறைக்கு வந்து சொன்னான். யமுனா என் சித்தப்பா மகள். பாதிச் சோற்றில் எழுந்து உடனே கூப்பிட்டேன்.

"போடறது இல்லண்ணா, பாக்கறது. ஓட்டை பாக்கற வேலைன்னு எங்கம்மா சரியாத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க. தெருமுனை தாண்டறதுக்குள்ள 'போடறது' ஆயிடுச்சி."

சித்தி சொன்னதை நம்பி, எதிர்வீட்டு லட்சுமம்மா, "மா தொட்டி கூட சூடும்மா" என்று தெலுங்கில், எங்கள் தொட்டியையும் பாரம்மா என, ஒழுகும் தண்ணீர்த் தொட்டிக்கு அவளை அழைத்திருக்கிறார். இவளும் போய் விரிசலைக் கண்டுபிடித்து, சிமெண்ட் பூசிவிட்டு வந்திருக்கிறாள்!

நிஜ வேலை திருப்பதியில், ஒரு வாடகை அறையில். ஆள் இல்லாமல் தானாகவே பணம் வாங்கித் தானாகவே திருப்பிக் கொடுக்கும் புரோகிராம்கள், பிளாக்செயின் என்கிற பொதுக் கணக்கேட்டில் உண்டு. ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்பார்கள். அதில் பிழை கண்டு உரியவர்களிடம் சொன்னால் பரிசு. வேலையில் உட்கார்ந்தால் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவாள்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள்.

"கோயில் ஜாத்திரையில பொங்கலைக் கையில வெச்சிட்டு, அப்புறமா டோக்கனைக் கிழிக்கறாங்கன்னு வெச்சிக்க. கிழிக்கறதுக்குள்ள மறுபடி கையை நீட்டினா?"

"இன்னொரு தொன்னை."

"அண்டா காலியாவற வரைக்கும் தொன்னை. அந்த மாதிரி ஒண்ணு பாத்துட்டேன்ணா. உள்ள இருக்கறது சின்னச் சின்ன ஆளுங்க துட்டு. அதை எழுதின கம்பெனிக்கு மெயில் போட்டுக்கினே இருக்கறேன், பதிலே காணோம். எவனாச்சும் வழிச்சிக்கினு போறதுக்குள்ள நானே எடுத்து வெச்சி, திருப்பிக் குடுத்துடட்டா?"

"வேணாம்மா! எடுத்தா நீதான் திருடி. ஊரே ஏற்கெனவே சொல்லுது."

"கதவு தெறந்து கெடக்கற வீட்டைப் பாத்துட்டு சும்மா போவச் சொல்றியா? லிஃப்ட்ல ஏறவே பயப்படற ஆளு நீ, உன்னைக் கேட்டேன் பாரு."

ஆனாலும், தொடுவதற்கு முன் சொல்வதாக ஒப்புக்கொண்டாள்.

அந்தக் காண்ட்ராக்டில் எவ்வளவு இருக்கிறதென்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கும் வழியை அவள்தான் காட்டித் தந்தாள். வேலைக்கு நடுவிலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்று மதியம், பூஜ்யம்.

எடுத்தது அவள் என்றால் போலீஸ் வரலாம். வேறு எவனோ என்றால், என் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்ததை நினைத்து நினைத்தே அவள் உடைந்துபோவாள். அவளாகவே இருக்கட்டும், சாமி. சொல்லாமல் செய்திருந்தால் போகிறது, வக்கீல் வைத்துக்கொள்ளலாம்.

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறேன். திருப்பதியில், அரிசிக்குள், அடித்துக்கொண்டே இருக்கிறது.