நிறுத்தும் கயிறு

கிரிக்கெட்டுக்குக் கோச் உண்டு, நீட்டுக்குக் கோச்சிங் உண்டு, தாம்பத்தியத்துக்குமா என்றுதான் முதலில் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. எட்டு மாதமாக அவள் மகளின் அறையில் படுத்துக்கொண்டிருந்தாள். மகள் கல்லூரி விடுதிக்குப் போனதால் காலியான அறை. முதுகுவலி, ஃபேன் சத்தம், என் ஷிப்ட் என்று ஏதேதோ காரணம் சொன்னாள். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "இவங்ககிட்ட பேசிப் பாக்கலாமாங்க?" என்றாள். சென்னைக்காரப் பெண். படுக்கையறைச் சிக்கல், கணவன் மனைவி மனத்தாங்கல் எல்லாவற்றுக்கும் வழி சொல்கிற கோச். அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார் என்கிற ஆவலில்தான் சரி என்றேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது வரைக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்து இதைப் பேச முடியுமா? செகண்ட் ஷிப்ட் வாரமாகப் பார்த்து, காலை பத்து மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போய், முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் முந்திரித் தோப்பு நிழலில் நிறுத்தினோம். கோச்சுக்குப் போன் போட்டு, இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டோம். ஒயர் குட்டை. நாங்கள் அத்தனை ஒட்டி உட்கார்ந்தே வெகுநாளாகியிருந்தது.

கோச் முன்னதாகவே ஆளுக்கொரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தார். நான் மைன்ஸில் நிலக்கரி போகிற கன்வேயர் பெல்ட்டைப் பார்க்கிறவன். லாக் புக் எழுதுகிற அதே கையால் அதையும் எழுதிவிட்டேன்: நார்மல், நார்மல், நார்மல். உங்கள் மனைவி எப்போதாவது வேண்டாம் என்று சொன்னதுண்டா என்ற கேள்விக்கு மட்டும், ஒருநாளும் இல்லை என்று பெருமையாக எழுதினேன். அவள் தாளில் அதே கேள்வி, நீங்கள் எப்போதாவது வேண்டாம் என்று சொன்னதுண்டா என்று இருந்தது. அவள் அதைக் காலியாக விட்டிருந்தாள்.

கோச் அதைப் பற்றிப் பேசவே இல்லை. என் வேலையைப் பற்றி விசாரித்தார். அவ்வளவு நீளப் பெல்ட்டை அவசரத்துக்கு எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெல்ட் நெடுக ஒரு கயிறு ஓடும், எங்கே நின்று இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும், காண்ட்ராக்ட் ஆள்கூட இழுக்கலாம், ஏன் இழுத்தாய் என்று யாரும் அவனை அதட்டக்கூடாது, அதட்டினால் அடுத்த தடவை கையே நசுங்கினாலும் இழுக்கமாட்டான் என்று விளக்கிக்கொண்டே போனேன்.

என் மனைவி முந்திரி மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணமான புதுசுல ஒரு தடவ வேணாம்னேங்க. மூணு நாள் எங்கிட்ட பேசாம மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்தீங்க. அதுக்கப்புறம் நான் சொல்லவே இல்ல. இப்ப ரெண்டு வருஷமா வலிக்குது. பல்லக் கடிச்சிக்கினு இருந்தேன். முடியலன்னுதான் அந்த ரூமுக்குப் போனேன்."

எனக்கு அந்த மூன்று நாள் ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

வலிக்கு முதலில் மகளிர் டாக்டரைப் பாருங்கள், இந்த வயதில் பலருக்கும் வருவதுதான், மருந்து இருக்கிறது என்றார் கோச். அதுவரை தொடுவதெல்லாம் கை, தோள் அளவில் நிற்கட்டும் என்றார். அவள் வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும், மறுபடி எப்போது என்பதையும் அவளே சொல்ல வேண்டும். இதற்காகவா ஒரு கோச் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

டாக்டரைப் பார்த்தோம், மருந்து கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பண்ருட்டிப் பலாப்பழம் அறுத்து, சோபாவில் உட்கார்ந்து சுளை உரித்துக்கொண்டிருந்தோம். நான் அவள் தோளில் கை வைத்தேன்.

"இப்ப வேணாங்க" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. அது முகத்தில் தெரிந்ததோ என்னவோ. "சரி" என்று சொல்லி, ஒரு சுளையில் கொட்டையை எடுத்துவிட்டு அவளிடம் நீட்டினேன். அதை வாங்கி மெதுவாகத் தின்றாள். பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், மூன்று நாள் ஆரம்பித்துவிட்டதா என்று தெரிந்துகொள்வதற்காக. நானே பேச்சை எடுத்து, பழம் இந்த வருஷம் நல்ல இனிப்பு என்றேன்.

"ஆமாங்க" என்றாள். எழுந்து போகவில்லை.