ஃப்ரிட்ஜ் கதவு இல்லாத வண்டி

கிளம்பிய ஒன்பதாம் நாள் காலையில், என் வீட்டுக்காரருக்கு ஒரு சீட்டு எழுதி வேன் கண்ணாடியின் இடுக்கில் செருகினேன். 'நாளைக் காலை குமுளியில் பஸ் ஏறி ஊருக்குப் போகிறேன். நீங்கள் மிச்ச இடங்களைப் பார்த்துவிட்டு வரவும்.' ஜெல் பேனாவால் நீலத்தில் எழுதியிருந்தேன். இந்த இரண்டு வரிக்கு எனக்கு எட்டு நாள் பிடித்தது.

கோபமெல்லாம் இல்லை, இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். சரி, கோபமும் இருந்தது, பொய் எதற்கு?

எருத்தேன்பதி பக்கம், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையில் எங்கள் ஊர். அவர் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ஆலையில் இருபத்தாறு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவர். நான் பால் சொசைட்டியில் பால் பரிசோதிப்பவள், விடிவதற்கு முன்பே போய்விடுவேன். அவர் வரும்போது நான் இருக்க மாட்டேன். நான் வரும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எழுந்து சாப்பிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதனால் எங்கள் குடும்பம் நடந்ததெல்லாம் ஃப்ரிட்ஜ் கதவில்தான். 'குழம்பைச் சூடு பண்ணிக்கவும்.' 'கேஸ் தீரப் போகிறது.' 'சனிக்கிழமை கல்யாணம், சட்டை இஸ்திரி போடவும்.' படித்தவர் மூலையில் பென்சிலால் ஒரு டிக் போட வேண்டும். டிக் விழுந்தால் விஷயம் முடிந்தது, அதற்குமேல் பேச்சில்லை.

அவர் வேலையை விட்டதும் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கி, பின் சீட்டைக் கழற்றி, பலகை அடித்து, "ஒரு மாசம் மலைப்பக்கம் சுத்திட்டு வரலாம் புள்ள" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சொசைட்டியில் லீவு சொன்னேன். உடுமலை, மறையூர், மூணாறு என்று போனோம். ஒரு பலகையில் இரண்டு பேர், நாள் முழுக்க முகத்துக்கு முகம். அப்போதுதான் தெரிந்தது, இந்த மனிதரிடம் என்ன பேசுவது என்றே எனக்குத் தெரியாது.

விடிகாலை நாலு மணிக்கு எனக்கு விழிப்புத் தட்டிவிடும். எழுந்து என்ன செய்வது? வேனைச் சுற்றி நடப்பேன், மடித்த துணியை உதறித் திரும்ப மடிப்பேன். மறையூர் டீக்கடையில் பாலைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்காமல், "இதுல தண்ணி சேத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவரோ பகலெல்லாம் தூங்கிவிட்டுப் பொழுது சாய்ந்தால் உற்சாகமாகிவிடுவார். தண்ணீர் பிடிப்பது மட்டும் அங்கேயும் என் வேலை. "ஒரு தடவை நீங்க புடிச்சுட்டு வந்தா என்னங்க?" என்று ஆறாம் நாள் கேட்டேன். "எங்க வருது, எப்ப வருதுன்னு உனக்குத்தான புள்ள தெரியும்" என்றார். ஊரிலும் அப்படித்தான். தண்ணீர் லாரி வரும்போது அவர் தூக்கத்தில் இருப்பார்.

ஆனைக்கரைக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்து ஓரமாக வண்டியைப் போட்டிருந்தோம். அங்கே காய் எடுக்கிற பெண் ஒருத்திதான் இடம் காட்டினாள். கீழே ஓடை, ஓடைக்கரைப் பாறையில் ஒரு குழாய். "நாலு மணிக்கு மேல பைப்புல தண்ணி விடுவாவ, புடிச்சுக்கிடுங்கக்கா" என்று சொல்லியிருந்தாள்.

காலையில் செருகிய சீட்டு பத்து மணிக்குக் காணவில்லை. படித்தாரா, காற்றில் போய்விட்டதா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெங்காயம் நறுக்கினேன், பாதியில் வைத்தேன், பையில் துணியை அடுக்கினேன், எடுத்தேன், மறுபடி அடுக்கினேன். மேலே மலையில் இடி உறுமியது. எங்கள் தலைக்கு மேல் வெயில்தான்.

மூன்றரை இருக்கும். கீழே ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "வெள்ளம் வருது! வெள்ளம் வருது!"

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் லாரி. பஞ்சாயத்து லாரிக்காரர் மலையாளத்தில் "வெள்ளம்" என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவே குடத்தோடு ஓடும். அந்த வறண்ட மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் எங்கள் காதுக்குப் பழக்கமில்லை. "ஏனுங்க, வெள்ளம் வந்துருச்சாமா! போங்க, சீக்கிரம் போங்க!" என்றேன். அவர் ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு பேசவில்லை. இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினார். அட, பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன்.

அடுத்த நிமிடம் அந்தப் பெண் வேறு வழியாக, ஈரத்துணியை மார்போடு அணைத்தபடி மூச்சிரைக்க ஏறி வந்தாள். "அண்ணாச்சிய எங்கக்கா அனுப்புதிய? ஓடையில வெள்ளம்னுல்லா கத்துதேன்!"

நானே அனுப்பினேன். சரிவின் விளிம்புக்கு ஓடி "மேல வாங்க, மேல வாங்க!" என்று கத்தினேன். கீழே மரங்களுக்குள் ஏதோ பெரிதாக இரைந்தது, என் குரல் எனக்கே கேட்கவில்லை. நாளைக்கு இவரை விட்டுப் போகிறேன் என்று எழுதியவள், அந்த நேரத்தில் இவர் இல்லாமல் எங்கே போவேன் என்று அழுதேன்.

வேரைப் பிடித்து, மண்ணில் வழுக்கி, ஏறி வந்தார். இடுப்பு வரை சேறு. ஒரு கேன் போய்விட்டது. இன்னொன்றை மட்டும் விடவில்லை. திரும்பிப் பார்த்தால் குழாயும் பாறையும் இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"கேனை விட்டுட்டு வந்தா என்னங்க? உசுரு பெருசா, கேன் பெருசா?" என்று அவர் தோளில் இரண்டு அடி வைத்தேன்.

"காலைல பஸ்ஸுக்குப் போறவ குளிச்சுட்டுப் போக வேண்டாமா?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து நனைந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். என் நீல எழுத்தெல்லாம் கரைந்துபோயிருந்தது. மூலையில் பென்சில் டிக் மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டிக் போட்டீங்களா? போகாதேன்னு ஒரு வார்த்தை எழுதத் தெரியலீங்களா?"

"நீ என்னைக் கேட்டா எழுதுன? முடிவுபண்ணியில்ல எழுதியிருந்த. அதுக்கு டிக்குதான போடோணும்."

அவர் சொன்னதும் சரிதான். இத்தனை வருடத்தில் ஒரு சீட்டிலாவது நான் அவரைக் கேள்வி கேட்டதில்லை. வேனின் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி, இப்பக் கேக்கறேனுங்க. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, பென்சிலைத் தேடி. பென்சில் ஓடையோடு போயிருந்தது.

"இரு புள்ள" என்றார்.