உம்மா அனுப்பிய முதல் வொய்ஸ்

அந்த நாடகம் மறுபடி வரப்போகிறது என்று தெரிந்த அன்று எங்கள் ஒழுங்கையில் பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்த நாடகம் அது. எங்களைப் போலப் பேசுகிற ஒரு குடும்பத்தை டிவியில் முதன்முதலாக அதில்தான் பார்த்தோம். அவர்களும் தாய் தகப்பனை உம்மா, வாப்பா என்று கூப்பிட்டார்கள். அதில் மூத்த மகளாக வந்தவளை நாங்கள் எல்லோரும் தாத்தா என்போம். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவது. அவள் அழுதால் நாங்களும் அழுதோம். அவள் மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்ன நாட்களில் ஒழுங்கையின் மாமியார்மாருக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து அதே நடிகையை வைத்து, அதே குடும்பத்தின் கதையைத் தொடர்ந்தார்கள். சனிக்கிழமைகளில், பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த கையோடு வரும். மாத்தளையிலிருந்து பலாபத்வலைப் பக்கம் போகிற வழியில் பிரிகிற சின்னத் தெரு எங்கள் ஒழுங்கை. அந்த நேரத்தில் அங்கே ஒரு பெண்ணையும் வெளியே காண முடியாது.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. பெண்கள் மட்டும். அட்மின் நான். நாடகம் முடிந்ததும் ஆளுக்கொரு வொய்ஸ் அனுப்புவார்கள். அதையெல்லாம் கேட்டு, நாலு வரியாகச் சுருக்கி, நாடகத்தின் பேஸ்புக் பக்கத்தில் 'மாத்தளைப் பெண்கள்' என்று எழுதிப் போடுவது என் வேலை. ஒரு தடவை அங்கிருந்து ஒரு சிவப்பு இதயம் பதிலாக வந்தது. அன்றிலிருந்து எங்கள் பெண்களின் தலை கொஞ்சம் கனத்துப் போனது. என் தலையும்தான்.

அந்தத் தலைக்கனத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வெளிநாட்டில் வீட்டு வேலை செய்த பெண்களின் உண்மைக் கதைகள் வேண்டும் என்று நாடகக்காரர்கள் அந்தப் பக்கத்தில் கேட்டிருந்தார்கள். கதை எழுதுகிறவருக்கு நான் பன்னிரண்டு நிமிட வொய்ஸ் ஒன்று அனுப்பினேன். எங்கள் ஊரில் ஒரு பெண் என்றுதான் ஆரம்பித்தேன். பேர் சொல்லவில்லை, ஊரையும் மாற்றச் சொன்னேன். அவர் என்னை அழைத்துப் பேசினார். அழுதுவிட்டதாகச் சொன்னார். எனக்கு இரண்டு நாள் கால் தரையில் படவில்லை.

அந்தப் பெண் என் உம்மா.

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது உம்மா குவைத்தில் இருந்தார். ஒரு காலை வாப்பா மவுத்தானார். எங்கள் வழக்கப்படி ஜனாஸாவை நெடுநேரம் வீட்டில் வைத்திருப்பதில்லை. அஸருக்கு முன்பே அடக்கிவிட்டோம். உம்மா வந்து சேர வழியே இல்லை. கணவன் மவுத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, வெளியே போகாமல், வீட்டுக்குள் ஒதுங்கி இருப்பது. வாப்பாவின் குடும்பத்துப் பெண்கள் போனில் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். இருக்கிறேன், மேடம் மேல்மாடியில் தனி ரூம் கொடுத்திருக்கிறார் என்று உம்மா சொன்னார். ஊர் முழுக்க அந்த அரபுப் பெண்ணுக்காகத் துஆ கேட்டது.

ரூம் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் அப்போது ஒரு கல்யாணம். உம்மாவுக்குக் கிடைத்தது அரை நாள் லீவு. அவர்கள் கழித்துப் போட்டிருந்த வெள்ளை மேசைத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு, மறுநாள் காலையிலிருந்து அவர்களுடைய விருந்தாளிகளுக்குச் சமைத்தார். நாட்களை மறந்துவிடக் கூடாது என்று தினமும் ஓர் ஏலக்காயைப் பழைய ஜாம் போத்தலில் போட்டு வந்தார். நூற்றி முப்பது ஏலக்காய் சேர்ந்த அன்று மேசைத் துணியைத் துவைத்து, மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

இதை உம்மா என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கராம்பு மரங்கள் நிற்கின்றன. பறித்த கராம்பைக் காம்பிலிருந்து கிள்ளிப் பிரிக்க நாள் கணக்காக உட்கார வேண்டும். கை ஓடிக்கொண்டிருக்கும்போது உம்மாவின் வாயும் கொஞ்சம் திறக்கும். மற்ற நேரத்தில் திறக்காது. அப்படி ஒரு மாலையில், கராம்பைப் பார்த்தபடியே சொல்லி முடித்துவிட்டு, "இது ஒன்னோட ஈக்கட்டும்" என்றார்.

அது என்னோடு இருக்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒழுங்கையின் பெண்கள் அந்தக் காட்சியைப் பார்த்து அழுவார்கள், அப்படி ஒருத்திக்கு என்ன குறை என்று வொய்ஸ் அனுப்புவார்கள், அதை உம்மா காதால் கேட்பார், இத்தனை வருடம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைப்பார் என்று கணக்குப் போட்டேன். நல்ல எண்ணம் மட்டும் இருந்திருந்தால் உம்மாவிடம் முதலில் கேட்டிருப்பேனே. கதை எழுதுகிறவர் என் வொய்ஸைக் கேட்டு அழுதார் என்பது எனக்கு இனித்தது. அதுதான் உண்மை.

கதை எழுதுகிறவர் என்னோடு பேசிச் சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்தப் பகுதி வந்தது. பக்கத்து வீட்டு மாமியின் டிவி பழுது என்று அவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். உம்மாவை நான்தான் வலியக் கூப்பிட்டு, முன்னால் கதிரை போட்டு உட்கார வைத்தேன்.

கணவன் மவுத்தான செய்தி வந்ததும், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்த தாத்தா மூன்று தடவை மயங்கி விழுந்தாள். மூன்று தடவையும் சோபாவில். மேடமாக வந்தவள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். பிறகு தாத்தா மேசையில் கிடந்த துணியை உருவினாள், மேலே இருந்த பீங்கான் எல்லாம் விழுந்து நொறுங்கியது, துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். ஓரத்தில் பூ வேலை செய்த துணி. விரல்களில் நகப்பூச்சு. அப்படியே குசினிக்குள் போய்ப் பெரிய சட்டியில் பிரியாணி கிளறினாள், அதற்கு ஒரு பாட்டு வேறு. ஏலக்காய் போத்தலைக் காணவே இல்லை.

மாமி முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்தது.

"இத்தால ஈக்கிற பொம்பள பாட்டுப் போட்டு பிரியாணி ஆக்குறாளா? யா அல்லாஹ். எங்கட பொம்பளைகள என்னண்டு நெனச்சிட்டாங்க?"

நான் உம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. நாடகம் முடிந்து விளம்பரம் வந்ததும் உம்மா எழுந்து, தேத்தண்ணி ஊற்றி மாமிக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு கோப்பை வைத்துவிட்டு, தன் அறைக்குப் போனார். சீனி சரியாக இருந்தது. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

அதற்குள் குழுவில் வொய்ஸ் மேல் வொய்ஸ் விழ ஆரம்பித்திருந்தது. மாமி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சத்தமாகப் போடச் சொன்னார். சத்தத்தைக் குறைக்கவாவது செய்திருக்கலாம், செய்யவில்லை. எங்கள் வீட்டு அறைகளுக்கு நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. அந்தப் பக்கத்தில் உம்மா.

"பழைய தாத்தா எங்க, இவ எங்க. நாடகத்தையே நாசமாக்கிட்டாங்க."

"மேசத் துணிய தலையில போட்டுட்டு நிக்கிறா, ஜோக்கர் மாதிரி."

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் குழுவில் இருக்கிறார். யாரையும் நோகப் பேசாதவர். அவருடைய வொய்ஸ்தான் எனக்கு அதிகம் வலித்தது. "நான் ஆரயும் கொற செல்லல்ல. ஆனா மாப்பிள்ள மவுத்தான அடுத்த நாளே ஊராக்களுக்கு ஆக்கிப் போடுற அளவுக்கு மனசு கல்லான பொம்பள எங்கட ஊருல இல்ல. எனக்குத் தெரிஞ்சு இல்ல."

மாமி என் தொடையில் தட்டினார். "இதத்தான் எழுதோணும். இப்படி ஒரு பொம்பள எங்கட ஊருல இல்லண்டு எழுதுங்க மகள். அவங்க மன்னிப்பு கேக்கோணும்."

அப்போதுதான் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து உம்மாவின் குரல் கேட்டது. யாரோடு பேசுகிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. உம்மா குழுவில் இருந்தாரே தவிர, ஒரு நாளும் வொய்ஸ் போட்டதில்லை. எந்தப் பட்டனை அமத்துவது என்றே தெரியாது என்பார். குரல் நின்றது. கொஞ்சம் கழித்து என் கையிலிருந்த போனில் அதே குரல் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் குவைத்துல இத்தா ஈந்தவ. ஒங்க எல்லாருக்கும் தெரியும். மேல்மாடில ரூம் தந்தாங்க. நான் கீழ எறங்கல்ல. நாளுக்கு ஒரு ஏலக்கா போத்தல்ல போட்டு எண்ணின. நூத்தி முப்பது. இந்தக் கத எழுதின ஆளுக்கு ஒண்டும் தெரியா. பொய் எழுதீக்கி."

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா மகள்? இதுதான் எங்கட பொம்பள" என்றார். டீச்சர் உடனே துஆ அனுப்பினார். அதன் பின்னால் குழு முழுக்க ஆமீன், ஆமீன் என்று வந்துகொண்டே இருந்தது. உம்மா பொய்க்குள் ஓர் உண்மையை வைத்து அனுப்பியிருந்தார். அந்த ஏலக்காய் யாருக்கு என்று எனக்கு மட்டும் தெரியும்.

மாமி போன பிறகு அறைக்குள் போனேன். உம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், போன் மடியில் கிடந்தது. பேர் சொல்லவில்லை உம்மா என்று ஆரம்பித்தேன். உம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் ஒனக்கு மட்டுந்தான் சென்ன."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலைப் பிடிக்கலாம் என்று குனிந்தேன்; அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"மாமி கேட்டத எழுது" என்றார். "அப்படி ஒரு பொம்பள இல்லண்டு எழுது."

அவருடைய கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன். கணவன் மவுத்தான மறுநாள் சமையலறையில் நிற்கிற பெண் எங்கள் ஊரில் இல்லை, இருந்ததும் இல்லை, இது எங்களைக் கேவலப்படுத்துகிற கற்பனை என்று எழுதினேன். உம்மா வாசித்துக் காட்டச் சொன்னார். மேசைத் துணியும் பொய் என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்து, மாத்தளைப் பெண்கள் என்று போட்டு அனுப்பினேன். இதுவரை நான் எழுதியவற்றில் அதற்குத்தான் ஆகக் கூடுதலான விருப்பம் விழுந்தது.

மறுநாள் கதை எழுதுகிறவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். நீங்கள்தானே இது உண்மையில் நடந்தது என்று சொன்னீர்கள் என்று கேட்டிருந்தார். கோபமாகக் கேட்கவில்லை, குழம்பிப் போய்க் கேட்டிருந்தார். இல்லை, நான் பொய் சொன்னேன் என்று பதில் போட்டேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நாடகமும் சில வாரத்தில் நின்றுபோனது.

உம்மா என்னோடு கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார், என் பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார். அடுத்த தடவை கராம்பு பறித்தபோது வழக்கம்போலப் பாயை விரித்து, குவியலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் உம்மாவும் உட்கார்ந்தோம். நான் காத்திருந்தேன். உம்மா எழுந்து போய் டிவியைப் போட்டார். ஏதோ சிங்கள நாடகம், அவர் பார்க்கிறதே இல்லை. சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கிள்ளத் தொடங்கினார்.