சிவப்புப் பூ வந்தும் இன்ஜினை மாற்றவில்லை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், ஞாபகமும் முன்னே போல இல்லை. ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து போன மறு வருஷம் நடந்தது இது. சித்திரையா வைகாசியா என்று சரியாகத் தெரியவில்லை. கல்யாண சீசன், அது நிச்சயம். எங்களுக்கு சேரன்மகாதேவி.

என் மகன் வாடகைக்குக் கார் ஓட்டுகிறான். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் காரால்தான். மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய டீசல் வண்டி. கொஞ்ச நாளாகவே ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது. பின்னால் பைக்கில் வருகிறவர்கள் புகை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போவார்கள். ஒரு நாள் அருவிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனபோது, பாபநாசத்துக்கு மேலே ஏற்றத்தில் இழுக்காமல் நின்றேவிட்டது. வந்தவர்கள் இறங்கித் திட்டிக்கொண்டே நடந்தார்களாம்.

எங்கள் மெக்கானிக் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். இன்ஜினை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி வேலை பார்ப்பது ஒன்று. அதற்கு நாள் பிடிக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். வேறொரு வண்டியின் பழைய இன்ஜினை வாங்கி மாட்டுவது இன்னொன்று. அது சட்டென்று முடிந்துவிடும். கையில் இருந்த காசு ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். அது தப்பாகப் போனால் வண்டியை எடைக்குப் போட வேண்டியதுதான்.

வீட்டில் மகனுக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டை.

"முகூர்த்தத்துக்கெல்லாம் அட்வான்ஸ் வாங்கியாச்சு. இப்பப் போயி இன்ஜினைப் பிரிச்சுப் போட்டுட்டு நான் ஈ ஓட்டவா?" என்றான் அவன்.

"ஊர் பேர் தெரியாத இன்ஜினை மாட்டி, அதுவும் புகை விட்டுச்சுன்னா அப்ப என்ன ஓட்டுவியளாம்?" என்றாள் அவள்.

நான் நடுவில் பேச மாட்டேன். பொதுவாகவே எனக்குக் கூச்சம், அதிலும் கார் சமாச்சாரத்தில் எனக்கு என்ன தெரியும்? சண்டை ஓய்ந்தால் போதும் என்று, சாமிகிட்ட பூக் கேட்டுப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

எங்கள் குலசாமி சாஸ்தா. அவர் முன்னால் இரண்டு பொட்டலம் கட்டி வைத்தோம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் இருக்கிற இன்ஜினை வேலை பார்ப்பது, சிவப்பு வந்தால் மாற்றுவது. கோயிலுக்கு வந்திருந்த ஒரு பெண் குழந்தையிடம் ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னோம். சிவப்பு வந்தது. மருமகள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி சொன்ன பிறகு யார் பேசுவது?

தச்சநல்லூரில் ஒரு பழைய சாமான் கடையில் இதே மாதிரி வண்டியின் இன்ஜின் இருப்பதாக மகன் விசாரித்து வைத்திருந்தான். அச்சாரத்தை என் கையால் கொடுத்தால்தான் விளங்கும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான். மெக்கானிக்கும் வந்தார். கடை நிறைய ஆம்பிளைகள். நான் ஓரமாகப் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்துகொண்டேன். இன்ஜினைக் கழுவி, வெள்ளி பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. மகன் முகத்திலும் அதே பளபளப்பு.

பணத்தைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது, மாடு வாங்கும்போது கேட்போமே, அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, இது எந்த ஊரு வண்டியோடது? ஏன் பிரிச்சாவ?"

கடைக்காரர் சிரித்தபடி, "நல்ல குடும்பத்து வண்டி ஆச்சி. கீழ ஏரல் பக்கம்" என்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த வெள்ளத்தில் ஆறு ஊருக்குள் புகுந்து, வீடும் வண்டியும் முங்கிக் கிடந்த இடம் அது. மெக்கானிக் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று மணல்.

"அதெல்லாம் கழுவியாச்சு வே. ஸ்டார்ட் பண்ணியே பாத்துட்டேன். வெலையை வேணும்னா கொறைச்சுக்கிடுதேன்" என்றார் கடைக்காரர்.

மகன் என்னைப் பார்த்தான். மெக்கானிக் தரையைப் பார்த்தார். எல்லாரும் வாங்கிவிடுவார்கள் போல இருந்தது. எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ, "வேண்டாம்லே" என்றேன்.

"எம்மா, செவப்புல்லா வந்திருக்கு! சாமி சொன்னதை மீறலாமா?"

"சாமிகிட்ட மாத்தலாமான்னுதானே கேட்டோம்? முங்குனதைக் கொண்டு மாத்தலாமான்னா கேட்டோம்?"

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆச்சி கோர்ட்டுல பேச வேண்டிய ஆளுல்லா! இங்கன வந்து டயர் மேல உக்காந்திருக்காவ" என்று சொல்லி, கோபப்படாமல் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன்தான். நான் பணத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டேன். நம்ம இன்ஜினையே இறக்குங்கள் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். முகூர்த்த வாடகையெல்லாம் வேறு வண்டிக்குப் போயிற்று. மகன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை பார்க்கலாம் என்று முதலில் சண்டை போட்ட மருமகளே, "அத்தை, சாமி குத்தம் ஆயிராதுல்லா?" என்று பயந்தாள். நான் தனியாக பஸ் ஏறி சாஸ்தா கோயிலுக்குப் போனேன். "அரைகுறையாக் கேட்டது நாங்க. உனக்குக் கோவம்னா என்கிட்ட காட்டு. வண்டியில போறவன்கிட்ட காட்டாத" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னதும் மனசு திடமாகிவிட்டது. நான் எடுத்த முடிவு, நல்லதோ கெட்டதோ நான் நின்று பார்க்கிறேன் என்று ஒரு தைரியம்.

பிரித்துப் பார்த்ததில் கிராங்க் என்கிறார்களே, உள்ளே சுற்றுகிற தண்டு, அது நன்றாக இருந்தது. பிஸ்டன் ஓடுகிற இடம்தான் தேய்ந்துபோயிருந்தது. லேத்தில் கொடுத்துக் கடைந்து, புதுசாக பிஸ்டனும் ரிங்கும் போட்டார்கள். ஓட்டிப் பார்க்கிற அன்று நானும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதல் தடவை சாவியைத் திருப்பினான், பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். பிடித்துக்கொண்டது.

இன்ஜின் ஓடும்போதே மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து, "பெரியம்ம, இங்கன கையை வச்சுப் பாருங்க" என்றார். கெட்ட இன்ஜின் என்றால் அதன் வழியாகப் புகை குப்புக்குப்பென்று அடிக்குமாம். பயந்துகொண்டே உள்ளங்கையை வைத்தேன். லேசாகக் காற்று பட்டது, அவ்வளவுதான். மகனும் வந்து என் கைக்குப் பக்கத்தில் அவன் கையை வைத்துப் பார்த்தான். "ஏறும்மா, வீட்டுக்குப் போவோம்" என்றான். என்னிடம் அவன் பேசி வெகு நாளாகியிருந்தது.

அந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது. தச்சநல்லூர் இன்ஜின் என்ன ஆனதோ, எனக்குத் தெரியாது. யாராவது வாங்கிப் போய் அதுவும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரு விஷயத்தைப் போய்ப் பார்த்து, வாய் திறந்து கேட்டு, பிறகு இது என் முடிவு என்று சொல்ல எனக்கும் முடியும் என்று இந்த வயதில் தெரிந்துகொண்டேனே, அது போதும். மாசத்தையும் இன்ஜின் சாமான்களின் பேரையும் விவரம் தெரிந்த யாராவது ஒரு தடவை சரிபார்த்துத் திருத்திப் போடுங்கள். நான் சொன்ன "வேண்டாம்" மட்டும் அப்படியே இருக்கட்டும், அதில் தப்பில்லை.