இந்தியாவைத் தோற்கடித்த மாமா

என் அம்மாவின் தம்பி இந்தியாவைத் தோற்கடித்த அன்று எனக்கு எட்டு வயது.

அதற்கு முன் அவர் இந்தியாவுக்காகவே ஆடியவர். ஒரத்தநாட்டுப் பக்கம் அறுவடை முடிந்த வயலில், நெல்தாள் குத்தக் குத்த வெறுங்காலோடு பந்து உதைத்துப் பழகி, நாட்டின் நீலச் சட்டை வரைக்கும் போனவர். அவர் கோல் அடிக்கும் படம் எங்கள் ஊர் டீக்கடையில் மாட்டியிருந்தது. முட்டி போனதும் பயிற்சியாளர் ஆனார். ஓமன், கென்யா, தாய்லாந்து என்று நாடு நாடாக மாறிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் ஒவ்வொரு நாட்டின் பெயரையும் நானே போய்வந்தது போல் சொல்லித் திரிந்தேன். கிறிஸ்துமஸுக்கு வருவதாக ஒவ்வொரு வருடமும் சொல்வார். வந்ததில்லை.

கடைசியாக அவருக்கு வாய்த்தது ஒரு தீவு நாட்டின் அணி. அந்த அணி இந்தியாவோடு மோதியது.

அன்று சாயங்காலம் எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பெரியப்பா டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார். நம் ஆளும் ஜெயிக்க வேண்டும், நம் நாடும் ஜெயிக்க வேண்டும் என்பதில் உள்ள சிக்கல் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. அம்மா மட்டும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு வேண்டிக்கிற?" என்று அப்பா கேட்டார். அம்மா அடுத்த மணியை உருட்டினாள்.

முதல் கோல் இந்தியாவுடையது. வாசலில் சரவெடி வெடித்தார்கள். பிறகு மாமாவின் அணி ஒன்று போட்டது. ஆட்டம் முடியும் நேரத்தில் மாமா ஒல்லியான ஒரு பையனைத் தோளில் கைபோட்டு அழைத்துவந்து, காதில் ஏதோ சொல்லி, களத்தில் இறக்கினார். அவன் இடதுபுறமாக ஓடிவந்து உதைத்த பந்து வலைக்குள் விழுந்தது.

திரையில் மாமா முட்டியை மறந்து குதித்தார். அந்தப் பையனைத் தூக்கிச் சுற்றினார். சாவுச் செய்தி கேட்டவர்கள் போலக் கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோக்கடிச்சதுகூடப் பரவாயில்ல. குதிக்கிறான் பாருங்க," என்றார் பெரியப்பா.

அம்மா போட்டுவைத்த டீயை யாரும் தொடவில்லை. கூட்டம் கலைந்தது. அப்பா டிவியை அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை. மாமா இப்படிச் செய்வார் என்பதே மண்டையில் ஏறவில்லை.

சற்று நேரத்தில் அடுப்படியில் அம்மாவின் போன் அடித்தது. மாமாதான். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாப்பிட்டியாடா?"

"இல்லக்கா. ஊர்ல என்ன பேசிக்கிறாங்க?"

"ஒண்ணும் பேசல. நீ சொல்லு."

"வேலை தப்பிச்சிருச்சுக்கா. தோத்திருந்தா இன்னிக்கே டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிருப்பாங்க. கோச் வேலைன்னா அப்படித்தானே."

"மாதா காப்பாத்திட்டாடா," என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கோலைவிட அதுதான் என்னைத் திகைக்க வைத்தது. தோற்றிருந்தால் இந்தியா ஜெயித்திருக்கும். மாமாவும் நேராக எங்கள் வீட்டுக்கே வந்திருப்பார், கிறிஸ்துமஸுக்கும் இருந்திருப்பார். இவ்வளவு நல்லதையும் மாதா ஏன் தடுத்தாள் என்பதோ, அதற்கு அம்மா ஏன் நன்றி சொல்கிறாள் என்பதோ எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.